முன்சக்கர பிரேக் பேடை நீங்களே மாற்றுவது எப்படி?

பேட் மாற்றுவது பத்து நிமிட வேலை என்று யாராவது சொன்னால் அது பொய் இல்லை. காலிப்பரைத் தூக்கு, பழையதை உருவு, புதியதைச் செருகு, மூடு. முதல்முறை நானும் அப்படித்தான் செய்தேன். எட்டு மாதம் கழித்து இடது சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் உள்பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதே சக்கரத்தின் வெளிப்பேடோ பாதிகூடத் தேயவில்லை. பேட் மீது குற்றமில்லை. காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கென்று இரண்டு பின்கள் உண்டு. அதில் ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. முதல்முறை நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் இங்கே பேடைக் கழற்றி மாட்டும் பகுதி சின்னதாகவும், பழைய பேடைப் பார்ப்பதும் சுத்தம் செய்வதும் பெரிதாகவும் இருக்கும். முதல்முறை செய்பவர்கள் ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியற்காலையில் வெளியூர்ப் பயணம் இருந்தால் முந்தைய நாள் மாலையில் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பவை பேடுகள். பேடுகளை அழுத்துவது காலிப்பர். பெரும்பாலான கார்களில் இருப்பது மிதக்கும் காலிப்பர். அதில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பிரேக் மிதியை அழுத்தியதும் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் வெளியே வந்து உள்பேடை டிஸ்க்கின் மேல் அமுக்கும். டிஸ்க் விலகிக் கொடுக்காது. எனவே காலிப்பர் மொத்தமும் எதிர்ப்பக்கம் நகர்ந்து, வெளிப்பேடைத் தன்னோடு இழுத்து டிஸ்க்கில் அழுத்தும். அந்த நகர்வு நடப்பது நான் மேலே சொன்ன இரண்டு பின்களின் மேல். பின் இறுகினால் உள்பேட் ஒன்றே எல்லா வேலையையும் செய்து தேய்ந்துபோகும்.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல், அழுத்தத்தில் வளைந்து, அழுத்தம் போனதும் நிமிரும். அப்போது பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பேட் தேயத் தேய பிஸ்டன் மேலும் மேலும் வெளியே வந்து நின்றுவிடும். காலியான இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். பானெட்டுக்கு அடியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மெல்ல மெல்லக் குறைவது பெரும்பாலும் இதனால்தான். இதை நினைவில் வையுங்கள், பிஸ்டனைத் தள்ளும்போது தேவைப்படும்.

பிரேக் போட்டால் காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் 60 முதல் 70 சதவீதம் முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. 1955-ல் வந்த சிட்ரோவன் டி.எஸ். காரிலேயே முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றுதான் வைத்தார்கள். பின்பேடுகளைவிட முன்பேடுகள் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியமில்லை.

எப்போது மாற்ற வேண்டும்

புதிய பேடில் உராயும் பொருள் சுமார் 10 முதல் 12 மி.மீ. கனம் இருக்கும். பின்னாலுள்ள இரும்புத் தகட்டை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புதியவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள். 2 மி.மீ. வரை ஓட்டலாம் என்று சில கையேடுகள் சொல்லும். ஆனால் தேய்ந்த பேட் வெப்பத்தை அதிகமாகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்தும். கடைசி மில்லிமீட்டரில் மிச்சம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பல பேடுகளின் ஓரத்தில் சின்ன எஃகு நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து எல்லைக்கு வந்ததும் அது டிஸ்க்கை உரசிக் கீச்சிடும். கீச்சென்ற சத்தம் முன்னறிவிப்பு. கரகர சத்தமோ, இரும்பில் இரும்பு உரசுகிறது என்று பொருள். அன்றே காரை நிறுத்துங்கள். சில கார்களில் நாக்குக்குப் பதில் பேடிலேயே மின்கம்பி பதித்திருக்கும். அது தேய்ந்து அறுபட்டதும் டாஷ்போர்டில் விளக்கு எரியும். அப்படியானால் பேடோடு சென்சாரையும் புதிதாக வாங்க வேண்டும்.

வாங்கும்போது

மாடல் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. ஒரே மாடலில் எஞ்சினுக்கு எஞ்சின் டிஸ்க் அளவு வேறுபடுவதுண்டு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குவதே நிச்சயம். மாட்டுவதற்கு முன் பழைய பேடின் மேல் புதியதை வைத்து, காது முதல் காது வரை (பேடின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருப்பதுதான் காது) வடிவம் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

முன்பக்கத்துக்கு ஒரு செட் என்றால் 4 பேடுகள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றுவது கூடவே கூடாது. பிரேக் போட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். செட்டோடு புதிய கிளிப்புகளும் வந்தால் நல்லது. வராவிட்டால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். செராமிக் பேடில் கரித்தூளும் சத்தமும் குறைவு. செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், ஆனால் கொஞ்சம் சத்தம் போடும். தினசரி ஓட்டத்துக்குக் கம்பெனி கொடுத்த வகையையே வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு யோசிக்கலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, வீல் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்). காலிப்பர் போல்ட் பெரும்பாலும் 12 முதல் 14 மி.மீ. தலை கொண்டதாக இருக்கும். சில கார்களில் 7 மி.மீ. ஆலன் கீ வேண்டும். பிஸ்டனைத் தள்ள ஒரு சி-கிளாம்ப். கம்பி பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, பழைய துணி, கையுறை, முகக்கவசம், கண்ணாடி. அரை மீட்டர் கட்டுக்கம்பி.

கிரீஸ் விஷயத்தில் கொஞ்சம் கவனம். கையில் கிடைக்கும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். ஊதிய ரப்பர் பின்னை இறுக்கிப் பிடிக்கும். எந்த நோய்க்கு மருந்து போட்டோமோ அதே நோய் திரும்பி வரும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன டியூப் வாங்கினால் பல வருடம் வரும்.

பேடிலிருந்து உதிரும் கரித்தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாய் வைத்தும் அடிக்காதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கிளீனர் அடித்து ஈரமாக்கித் துணியால் துடைத்து எடுங்கள்.

காரைத் தூக்குவது

சமதளம், கெட்டியான தரை. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில்), பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று லூஸ் பண்ணுங்கள். தூக்கிய பிறகு செய்ய முயன்றால் சக்கரம்தான் சுற்றும், நட்டு அசையாது.

ஜாக்கி வைக்கும் இடம் கையேட்டில் படத்தோடு இருக்கும். வேறு இடத்தில் வைத்தால் அடித்தகடு நசுங்கும். தூக்கியதும் உடனே ஸ்டாண்டு வைத்து காரின் எடையை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கப் போட்டுவையுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் கார் அதன் மேல் நிற்கும்.

பிறகு பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, மூடியைத் திருகி லூசாக வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில ஹைப்ரிட் கார்களிலும், மின்முறையில் பிரேக் இயங்கும் கார்களிலும், நீங்கள் மிதியைத் தொடாமலே பம்ப் ஓடி பிஸ்டன் வெளியே பாயும். உங்கள் கார் அந்த வகை என்றால் பிரேக்கைச் செயலிழக்கச் செய்யும் முறையை முதலில் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்று குழம்பினால் மறுபக்கம் முழுசாக நிற்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பிரிப்பதற்கு முன் போனில் நாலு படம் எடுத்துவிடுங்கள்.

கழற்றுவது

காலிப்பரின் பின்புறம் வெளியே தெரியும்படி ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பின்பக்கம் இரண்டு ஜோடி போல்ட் தெரியும். சின்ன ஜோடி காலிப்பரைப் பின்களோடு பிணைப்பது. பெரிய ஜோடி, 17 மி.மீ. அல்லது அதற்கு மேல், காலிப்பரையும் பேடுகளையும் தாங்கும் பிராக்கெட்டைப் பிடித்திருப்பது. நமக்கு வேண்டியது சின்னது. பெரியதைத் தொடுவது டிஸ்க்கையும் மாற்றும்போது மட்டும்.

இங்கே ஒரு தடுமாற்றம் வரும். போல்ட் தலை காரின் உள்பக்கம் பார்த்து இருக்கும், நீங்கள் வெளியே உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் இடதுபுறம் சுற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் முடுக்கிவிடுவீர்கள். தலையை உள்ளே நீட்டி, போல்ட்டை நேருக்கு நேர் பார்த்து எந்தப் பக்கம் என்று ஒருமுறை உறுதி செய்யுங்கள். போல்ட்டோடு பின்னும் சேர்ந்து சுற்றினால், மெல்லிய ஓபன் ஸ்பேனரால் பின்னின் தட்டையான பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் பல கார்களில் காலிப்பரைக் கதவு மாதிரி மேலே திருப்பிவிடலாம். திரும்பாவிட்டால் இரண்டையும் கழற்றி, காலிப்பரைக் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்சுவர் கிழிந்து என்றோ ஒருநாள் பழிவாங்கும்.

காலிப்பர் வர மறுத்தால் டிஸ்க்கின் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பில் பேட் மாட்டிக்கொண்டிருக்கும். காலிப்பரை உங்களை நோக்கிக் கையால் இழுத்துப் பிடித்தால் பிஸ்டன் கொஞ்சம் உள்ளே போய் வழிவிடும்.

பழைய பேட் சொல்லும் கதை

இப்போது அவசரமே வேண்டாம். கழற்றிய இரண்டு பேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது உள், எது வெளி என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம் என்றால் நல்லது, பின்களும் பிஸ்டனும் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. உள்பேட் மட்டும் மெலிந்திருந்தால் பின் இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் திரும்பிப் போகாமல் நிற்கும். வெளிப்பேட் மட்டும் மெலிந்தால், காலிப்பர் நகர்ந்து வந்து பிடித்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. இதுவும் பின்னின் குறைதான். மேல் முனை கனமாகவும் கீழ் முனை மெல்லியதாகவும் ஆப்பு மாதிரி சாய்ந்து தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் கெட்டிருக்கும், இல்லையென்றால் பேடின் காது பிராக்கெட்டில் சிக்கியிருக்கும்.

பேடின் முகம் கண்ணாடிபோல் மினுங்கி, மயிர் விரிசல்கள் ஓடியிருந்தால் மிதமிஞ்சிச் சூடேறியிருக்கிறது. ஆயில் ஊறிக் கறுத்திருந்தால் எங்கோ கசிவு. கசிவைக் கண்டுபிடிக்காமல் புதிய பேடை மாட்டினால் அதுவும் ஊறிப்போகும். பிறகு வலது பக்கத்தையும் பிரித்ததும் இடதுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பிஸ்டன் அல்லது ஹோஸ் சந்தேகத்துக்குரியது. ஹோஸ் உள்ளே அடைத்துக்கொண்டால் அழுத்தம் காலிப்பருக்குப் போகும், ஆனால் திரும்பி வராது.

அடுத்து டிஸ்க். நகத்தை மையத்திலிருந்து விளிம்பு நோக்கி மெல்ல இழுங்கள். லேசாகக் கோடுகள் தட்டுப்பட்டால் பரவாயில்லை; நகம் மாட்டிக்கொள்ளும் ஆழத்தில் பள்ளம் இருந்தால் டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று அதன் மேலேயே, மையத்தொப்பியின் பக்கவாட்டிலோ விளிம்பிலோ, பொறித்திருப்பார்கள். சாதாரண வெர்னியரால் அளந்தால் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பையும் சேர்த்து அளந்து ஏமாற்றும். பேட் உரசிய தடத்துக்குள் மைக்ரோமீட்டர் வைத்து நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். பிரேக் போடும்போது மிதி காலுக்கடியில் துடித்தாலும் டிஸ்க்கில்தான் கோளாறு. புதிய பேட் அதைச் சரிசெய்யாது.

சுத்தம்

பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் இடத்தில் மெல்லிய கிளிப்புகள் இருக்கும். அவற்றைக் கழற்றுங்கள். கிளிப்புக்கு அடியில் துரு வீங்கி நிற்பதைப் பார்ப்பீர்கள். இந்தத் துருதான் கிளிப்பைத் தூக்கிப் பேடின் காதை நெருக்குவது. கம்பி பிரஷாலும், தேவைப்பட்டால் சிறிய அரத்தாலும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். துருவைத்தான் எடுக்க வேண்டும், இரும்பை அராவக் கூடாது. புதிய கிளிப்பை மாட்டி, பேடை வைத்துப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினால் நழுவ வேண்டும், சுத்தியல் கேட்கக் கூடாது. இறுக்கமாக இருந்தால் இன்னும் துரு பாக்கி இருக்கிறது.

பிறகு பின்கள். ஒவ்வொன்றாக வெளியே உருவுங்கள். மேல் பின்னும் கீழ் பின்னும் பல கார்களில் ஒன்றல்ல. ஒன்றின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். இடம் மாற்றிப் போடாதீர்கள். நல்ல பின் பளபளவென்று, பழைய கிரீஸ் ஈரத்தோடு வரும். கெட்ட பின் வறண்டு, பழுப்பேறி, சுற்றிச் சுற்றி இழுத்தால்தான் வரும். துணியால் துடைத்து, துளைக்குள்ளும் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவித் திரும்பச் செருகுங்கள். அதிகம் அப்பினால் உள்ளே காற்று அடைபட்டுப் பின் வெளியே உந்தும். உந்தினால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையின், அதாவது பூட்டின், உதட்டை விரலால் லேசாகத் திறந்து காற்றை விடுங்கள். பூட் கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நுழைந்து பின் மறுபடி துருப்பிடிக்கும். பின்னில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய பின்.

என்னுடைய எட்டு மாத பேட் இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்ததால்தான் போனது.

பிஸ்டனைத் தள்ளுவது

புதிய பேடுகள் கனமானவை. வெளியே வந்து நிற்கும் பிஸ்டனை உள்ளே தள்ளாமல் காலிப்பர் மூடாது. முதலில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் பூட்டைத் துடைத்துப் பாருங்கள். கிழிந்திருந்தாலோ, ஈரம் கசிந்தாலோ இங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். நல்லபடி இருந்தால், பழைய பேட் ஒன்றைப் பிஸ்டனின் முகத்தில் வைத்து, சி-கிளாம்பை மாட்டி, மெதுவாக முடுக்குங்கள். அரைச் சுற்று, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி அரைச் சுற்று. அழுத்தம் எதிர்த்து நிற்க வேண்டும், ஆனால் விட்டுக்கொடுத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பரில் இரண்டையும் சேர்த்துத் தள்ளுங்கள். ஒன்றைத் தள்ளினால் மற்றது வெளியே வரும். முன்சக்கரப் பிஸ்டன் நேராகத் தள்ளினாலே போகும். ஹேண்ட் பிரேக் இணைந்த பின்சக்கரக் காலிப்பர்கள் சிலவற்றில்தான் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே தள்ள வேண்டியிருக்கும்.

தள்ளும்போது ஆயில் டப்பாவைக் கவனியுங்கள். இறங்கிய மட்டம் இப்போது ஏறும். இடையில் யாராவது மட்டம் குறைகிறதே என்று ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் பொங்கி வழியும். முன்கூட்டியே ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிரேக் ஆயில் காரின் பெயின்ட்டை உரித்துவிடும். பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவதற்கென்று உள்ள பிளீடர் நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலை அந்த வழியாக வெளியேற்றிக்கொண்டே தள்ளுவது சிலரின் முறை. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் திறந்த நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே போனால், மிதி பஞ்சு மாதிரி ஆகிவிடும், காற்று எடுக்கும் வேலை தனியாகச் சேரும். முதல்முறை செய்பவர் நிப்பிளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

புதியதை மாட்டுவது

கையைக் கழுவி, புதுக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பேடின் உராயும் முகத்தில் கிரீஸ் விரல் படக் கூடாது. காதுகளிலும், பேடின் பின்தகட்டில் பிஸ்டனும் காலிப்பர் விரல்களும் (வெளிப்பேடை அழுத்தும் நீட்டல்கள்) தொடும் இடத்திலும் மட்டும் மெல்லிய பூச்சு. பின்தகட்டில் ஒட்டும் பசையுடன் வந்த பேட் என்றால் அதன் மேல் காகிதத்தை உரித்துவிட்டு கிரீஸ் போடாமல் விடுங்கள்.

தேய்மான நாக்கு உள்ள பேடைப் பழையது இருந்த இடத்திலேயே, நாக்கு அதே திசையில் இருக்கும்படி வையுங்கள். உராயும் முகம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், இரும்புத் தகட்டை டிஸ்க் பக்கம் திருப்பி மாட்டியவர்கள் உண்டு. டிஸ்க்கின் இரு முகத்திலும் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டுக் காலிப்பரை இறக்குங்கள். இறங்காவிட்டால் அடித்து இறக்காதீர்கள்: பிஸ்டன் முழுவதும் உள்ளே போகவில்லை, அல்லது பேடின் காது சரியாக உட்காரவில்லை. ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், பழைய படத்தில் இருப்பதுபோல் வளைந்திருக்கிறதா பாருங்கள்.

போல்ட்டைக் கையால் நாலு மரை ஏற்றிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். முறுக்கு விசை காருக்குக் கார் வேறுபடும். காலிப்பரின் சின்ன போல்ட்டுகள் பல கார்களில் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், அதாவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பலசாலிகள் இங்கே மரையைக் கிழிப்பார்கள். உங்கள் காரின் எண்ணைக் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சை வையுங்கள்.

சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் ஏற்றி, காரை இறக்கி, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் முடுக்குங்கள். பல கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர்; உங்களுடையதைக் கையேடு சொல்லும். மறுபக்கத்துக்கும் இதே வேலை. இரண்டாவது பக்கம் பாதி நேரத்தில் முடியும்.

காரை எடுக்கும் முன்

இதைத் தனித் தலைப்பில் எழுதக் காரணம், மறந்தால் சுவரில்தான் நிற்பீர்கள். பிஸ்டன் இப்போது உள்ளே ஒடுங்கியிருக்கிறது. முதல் மிதி பிடிமானமே இல்லாமல் கீழே போகும், பிரேக் என்று ஒன்று இருக்காது. நிறுத்திய காரிலேயே மிதியை மெதுவாக, பாதி தூரம் வரை, திரும்பத் திரும்ப அழுத்துங்கள். ஒரே அடியாகத் தரைவரை அழுத்த வேண்டாம். பழைய காரின் மாஸ்டர் சிலிண்டரில் (மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) சீல் வழக்கமாகப் போகாத இடத்துக்குப் போய், அங்குள்ள துருவில் கீறிக்கொள்ளக்கூடும். பத்துப் பதினைந்து அழுத்தில் மிதி மேலே வந்து கெட்டியாகும். பிறகு எஞ்சினைப் போட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள்.

ஆயில் மட்டத்தை மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில், மேல்கோட்டை ஒட்டி வையுங்கள். ஊற்ற வேண்டியிருந்தால் மூடியில் எழுதியிருக்கும் வகையே: டாட் 3 அல்லது டாட் 4. சிலிகானால் ஆன டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 ஆகக் குறையும். ஆகவே போன வருடம் திறந்து வைத்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். மூடியை இறுக்கி மூட மறக்க வேண்டாம்.

பேடைப் பழக்குவது

புதிய பேடின் முகமும் டிஸ்க்கின் முகமும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகவில்லை. முதல் நூறு மீட்டர் நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். சரியாக நின்றால், ஆளரவமற்ற சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமான அழுத்தத்தில் குறையுங்கள். முழுவதும் நிறுத்தாதீர்கள். அரை நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். இப்படிப் பத்து முறை. பேடின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் சீராகப் பரவும். இனி பிடிப்பைத் தருவது அந்தப் படலம். சூடான நிலையில் மிதியை அழுத்திக்கொண்டே நின்றால் பேட் இருக்கும் இடத்தில் மட்டும் அது திட்டாகப் படிந்து, பிற்பாடு மிதி துடிக்கும். கடைசியில் சில கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். கொஞ்சம் கருகல் வாடை வரும், பயப்பட வேண்டாம். முதல் 200, 300 கி.மீ. வரை வலுக்கட்டாயமாக பிரேக் அடிப்பதைத் தவிருங்கள், அவசரமென்றால் அது வேறு.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கம் பேட் விடாமல் உரசுகிறது. பின்னையும் காதையும் மறுபடி பாருங்கள். மிதி பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர். இவை இரண்டிலும் காரை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழைப்பதே சரி. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சோதியுங்கள்.

ஓடோமீட்டர் எண்ணையும், கழற்றிய நாலு பேடின் மிச்ச கனத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள். பழைய பேடுகளில் ஒன்றைத் தூக்கி எறியாமல் டூல் பெட்டியில் போட்டுவையுங்கள். அடுத்தமுறை பிஸ்டனைத் தள்ள அது வேண்டும்.